கார பிஸ்கட்டுக்கு ஏழு தண்ணீர்

என்னை மலேசியாவுக்கு அனுப்பி வைத்தது ஒரு கார பிஸ்கட். பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டுச் சுடுகிற, பெங்களூரில் எந்தப் பேக்கரிக்குள் நுழைந்தாலும் கண்ணாடி ஜாடிக்குள்ளிருந்து நம்மைப் பார்க்கிற அதே பிஸ்கட்தான். அதற்குப் பாஸ்போர்ட் கிடையாது என்பதால் நான் போக வேண்டியதாயிற்று.

பொம்மனஹள்ளியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். வீடு காக்ஸ் டவுன். பெயர் பிரான்சிஸ் என்று சொன்னால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி வறுவல் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் பண்டிகையே நடந்ததாகக் கணக்கில்லை. இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

கிள்ளான் பக்கத்தில் இருக்கும் ஒரு மலேசியக் கம்பெனி எங்கள் பிஸ்கட்டைப் பெட்டி பெட்டியாக வாங்கி, தங்கள் இயந்திரத்தில் சின்னப் பாக்கெட்டுகளாகக் கட்டி, நாடு முழுக்க விற்க விரும்பியது. அதற்கு ஹலால் கோப்பு வேண்டும். இஸ்லாமிய நெறிப்படி உண்ணத் தகுந்தது என்று மாவிலிருந்து லாரி வரை எல்லாவற்றுக்கும் தாள் காட்ட வேண்டும். படிவத்தை நிரப்பியவன் நான். எனக்கு அது அல்வா சாப்பிடுவது போல் இருந்தது. எங்களுடையது சுத்த சைவத் தயாரிப்பு. பாக்கெட்டின் மேல் பச்சைப் புள்ளி. பச்சைப் புள்ளி இருக்கும் இடத்தில் வேறு என்ன கேள்வி? பாதிக் கட்டங்களில் ‘பொருந்தாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நம்பி இங்கே சான்றிதழும் வந்துவிட்டது. முன்னோட்டமாக இருபது பெட்டிகள் கப்பலேறிவிட்டன.

ஆர்டர் உறுதியானால் இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கும். இருபது பெண்களுக்கு வேலை என்று சொல்லியும் வைத்துவிட்டார்கள். அதில் ஒருத்தி, டிரேக்களுக்கு நெய் தடவும் மேசையின் சூப்பர்வைசரான சரஸ்வதி அக்காவின் மகள் ரேவதி. நான் கிளம்பும்போது அக்கா கேட்டார்: “ஏன் சார், நம்ம பிஸ்கட்ல ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு ஃப்ளைட் புடிச்சா போவணும்? போன்ல சொன்னா ஆவாதா?”

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் ஓசியில் கிடைக்கிற விமானப் பயணத்தை யார் விடுவார்?

முதல் நாளே மானம் போனது. நம்ம ஊர் மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு. அந்த ஞாபகத்தில், கிள்ளானுக்குப் போகும் ரயிலில் முதல் பெட்டியைக் கவனமாகத் தவிர்த்து நடுப்பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் இடமும் பிடித்துவிட்டேன். ரயில் நகர்ந்த பிறகுதான் சுற்றிலும் முக்காடு போட்ட பெண்களாகவே இருப்பது தெரிந்தது. அங்கே பெண்கள் பெட்டி நடுவில். ஒருவரும் திட்டவில்லை. எதிரே இருந்த அம்மா கண்ணாடியில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புப் படத்தைச் சுண்டுவிரலால் காட்டிவிட்டு, வேடிக்கை பார்ப்பவர்போல் வெளியே திரும்பிக்கொண்டார். பெங்களூராக இருந்திருந்தால் இந்நேரம் வீடியோவில் வந்திருப்பேன்.

கிள்ளான் ஸ்டேஷனில் என்னை அழைத்துப்போக வந்தவர் குமரன், அந்தக் கம்பெனியின் லாரி ஓட்டுநர், அங்கேயே பிறந்த தமிழர். பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “பசியாறிட்டீங்களா பாஸ்?” நம்ம ஊரில் கன்னடத்தில் ‘திண்டி ஆயித்தா’ என்று கேட்பதைத்தான் அவர்கள் இப்படி அழகாகக் கேட்கிறார்கள். பசியாற்றினார். வாழையிலைப் பொட்டலத்துக்குள் தேங்காய்ப்பால் சோறு, மேலே நெத்திலி, வேர்க்கடலை, இனிப்பும் காரமுமாக ஒரு சம்பல். மூன்று பொட்டலம் உள்ளே போனது.

போகும் வழியில் அவர் லாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நம்ம ஊர் ஓட்டுநர்கள் லாரியின் மைலேஜைச் சொல்வார்கள். இவர் லாரியின் ஒழுக்கத்தைச் சொன்னார்.

“இந்த லாரி பன்னி இறைச்சி ஏத்துனதே இல்ல பாஸ். ஏத்தவும் கூடாது. தப்பித் தவறி ஏத்திட்டா சோப்பு போட்டுக் கழுவுனா பத்தாது லா. மண்ணு தண்ணி ஊத்தணும். அப்புறம் நல்ல தண்ணி, மொத்தம் ஏழு தடவ.”

“மண்ணா? கழுவுறதுக்கா?”

“ஆமா பாஸ். மண்ணுதான்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் தொழிற்சாலை. ஹலால் பொறுப்பாளர் ரொஹானா. எல்லோரும் ‘கக் ரொஹானா’ என்கிறார்கள். கக் என்றால் அக்கா. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்; இங்கே தமிழில் தருகிறேன்.

வாசலில் என் பையை வாங்கி, அதிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார். வெளிச் சாப்பாடு எதுவும் உள்ளே போகாது. “உங்கள் வீட்டு முறுக்கின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கும் கோப்பு இல்லையே” என்றார்.

பிறகு என் கோப்பை விரித்தார். பிரமிப்பு என்ற சொல்லை அதுவரை நான் அரண்மனைகளுக்கும் மலைகளுக்கும்தான் செலவழித்திருக்கிறேன். ஒரு பெண்மணி ஒரு பிஸ்கட்டைக் கேள்வி கேட்டே அதன் பூர்வீகம் வரை போவதை அன்றுதான் பார்த்தேன். மைதாவை மென்மையாக்க ஒரு பொடி சேர்ப்பார்களே, அது எதிலிருந்து எடுத்தது? சில ஊர்களில் வாத்தின் இறகிலிருந்து, ஏன், மனித முடியிலிருந்துகூட எடுக்கிறார்களாம். சர்க்கரையை வெளுக்க எந்தக் கரி? சில ஆலைகளில் எலும்புக் கரி. வெண்ணெய் வாசனை எதில் கரைந்திருக்கிறது? மாவு மூட்டை எங்களிடம் வருவதற்கு முன் அதே லாரியில் என்ன வந்தது? கிடங்கில் எங்கள் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டி யாருடையது?

பதினொரு வருடமாகத் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். என் மூட்டைக்கு இத்தனை உறவினர்கள் உண்டென்று எனக்குத் தெரியாது. சில கேள்விகளுக்கு நான் கொண்டுபோன தாள்களில் பதில் இருந்தது. அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குழந்தை பாஸான மாதிரி அவர் முகம் மலர்ந்தது. வேலையை இவ்வளவு நேசிக்கிற ஒருவரைப் பார்ப்பதே ஒரு சுகம்.

கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தார்: “டிரேயில் நெய் எப்படித் தடவுகிறீர்கள்?”

“பிரஷ்ஷால்.”

“என்ன பிரஷ்?”

“பிரஷ்... பிரஷ்தான்.”

அவர் என் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். ‘தூரிகையின் மூலப்பொருள்’ என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் ‘பொருந்தாது’ என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். “நாளைக்குச் சொல்லுங்கள், போதும்” என்றார்.

சாயங்காலம் பேக்கரிச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடையில் குமரன் என்னை இறக்கிவிட்டார். தூரிகைகள் இருந்த வரிசைக்குப் போனேன். நைலான், சிலிக்கான் எல்லாம் ஒரு பக்கம். சுவரின் மறு கோடியில், தனியாக, ஒரு சின்ன அலமாரி. அதன் மேல் பெரிய எழுத்தில் அறிவிப்பு. மலாய் தெரியாவிட்டாலும் கீழேயே படம் இருந்தது, வட்டமான மூக்கோடு. பன்றி மயிர்த் தூரிகை.

ஒன்றைக் கையில் எடுத்தேன். வெளிர் மஞ்சள் மரக் கைப்பிடி. வெள்ளை மயிர், நுனி ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்திருந்தது. கைப்பிடியில் நீல எழுத்தில் ஒரு சீனப் பெயர். அந்த நீல எழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். சிவாஜிநகர் ஹார்ட்வேர் கடையில் டஜன் டஜனாக அந்தப் பிரஷ்ஷை வாங்கி வருபவனே நான்தான். பெயிண்ட் அடிக்கிற பிரஷ். எங்கள் ஊர் பேக்கரிகளில் பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள். நல்ல உறுதி, சீக்கிரம் கொட்டாது.

கடை வாசலில் நின்றே சரஸ்வதி அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். ஷிஃப்ட் முடிகிற நேரம். பிரஷ்ஷைக் காட்டச் சொன்னேன். அதே நீல எழுத்து. “ஒரு மயிரப் புடுங்கி அடுப்புல காட்டுங்கக்கா” என்றேன். நைலானாக இருந்தால் உருகி மணியாகும்.

“உருகல சார். சுருண்டு கருகுது. ஐயய்யே, முடி எரியற நாத்தம்! எதுக்கு சார் இதெல்லாம்?”

“சும்மாதான்கா. வந்து சொல்றேன்.” அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கும், முட்டை நாற்றம்கூட ஆகாத மனுஷி.

முதலாளி நாகராஜ் சாரைக் கூப்பிட்டேன். அவர் நிமிடத்தில் முடிவு சொன்னார். “இவ்ளோதானா? இன்னிக்கே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நைலான் வாங்கி வச்சுடறேன். நாளைக்குக் காலையில நீங்க நைலான்னு சொன்னா அது நிஜம்தானே பிரான்சிஸ்? பொய் எங்க இருக்கு?”

நியாயம்போல்தான் பட்டது. இருபது பெண்களும் ரேவதியும் அந்த நியாயத்தின் பக்கம் நின்றார்கள். சரி சார் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் அந்த இருபது பெட்டியும் ஏற்கெனவே கக் ரொஹானாவின் இயந்திரத்தில் ஓடிவிட்டன. அது நேற்றைய பிரஷ்ஷின் பிஸ்கட்.

“சார், ஒண்ணு கேக்கறேன்” என்றேன். “ஒவ்வொரு லாட்லயும் முதல் பாக்கெட்ட ஆபீஸ் லட்சுமி படத்துக்கு முன்னாடி வைப்பீங்களே...”

“தேவ்ரே...” என்றார் கன்னடத்தில், கடவுளே என்று. அப்புறம், “சொல்லிடுங்க” என்றார்.

அன்று இரவு உணவு என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. சாப்பாட்டைப் பற்றி எனக்கு நினைவில்லாமல் போவது லேசான விஷயமல்ல.

மூன்றாம் நாள் காலை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். பிரஷ், நீல எழுத்து, கருகிய முடி, என் கையெழுத்து, எல்லாம். திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கக் ரொஹானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுந்துபோய்ப் பாக்கெட் கட்டும் இயந்திரத்தை நிறுத்தி, அதன் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். சில தொலைபேசி அழைப்புகள். பெட்டிகள் ஒன்றுகூட இன்னும் கடைக்குப் போகவில்லை என்று தெரிந்தபோது மட்டும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிஸ்கட்டைக் கழுவ முடியாதே. அத்தனையும் அழிப்பதற்குப் போனது.

“என் மேல் கோபம் இல்லையா?” என்று கேட்டேன்.

“நிறைய இருக்கிறது. இயந்திரத்தைக் கழுவி முடித்ததும் கோபப்படுகிறேன்” என்றார்.

நான்காம் நாள் சமய அலுவலகத்திலிருந்து ஓர் உஸ்தாத், மார்க்க ஆசிரியர், வந்தார். என்னையும் ஓரமாக நின்று பார்க்கலாம் என்றார்கள். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளிகூட இல்லாமல் இயந்திரத்தைத் தேய்த்தார்கள். பிறகு ஒரு வாளியில் சலித்த மண்ணைக் கரைத்தார்கள். எவர்சில்வர் பளபளக்கிற, தூசு பட்டாலே அலாரம் அடிக்கிற அந்தக் கூடத்தில், கையுறை போட்ட தொழிலாளர்கள் செம்மண் குழம்பைப் பயபக்தியோடு இயந்திரத்தின் மேல் ஊற்றினார்கள். உஸ்தாத் மலாயில் உரக்க எண்ணினார்: சத்து, ஒன்று. அப்புறம் நல்ல தண்ணீர். டுவா. தீகா. எண்ணும்போது ஒருவரும் இருமக்கூட இல்லை. ஏழில் முடிந்தது. மண் போட்டுக் கழுவிய ஓர் இயந்திரம் அவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அது என் மதமல்ல, என் தீட்டுமல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிருக்காக, முகம் தெரியாத ஒருவர் வாயில் போடப்போகும் ஒரு துண்டுக்காக, இத்தனை பேர் வேலையை நிறுத்திவிட்டு நின்று எண்ணுகிறார்கள். மூன்று நாள் முன்பு லாரியில் சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

விடைபெறும்போது கக் ரொஹானா என் முறுக்கைத் திருப்பித் தந்தார். “உங்கள் தொழிற்சாலையும் இதேபோல் கழுவப்பட வேண்டும். பிறகு நானே வந்து பார்ப்பேன். ஆர்டர் அதற்கப்புறம்” என்றார். நான் தலையாட்டினேன். அவர் இன்னொன்றும் கேட்டார்: “எங்கள் மக்களுக்காக நான் கேள்வி கேட்டேன். உங்கள் ஊரில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குகிறவர்களிடம் யார் சொல்வார்கள்?”

விமானத்தில் கொடுத்ததைத் தின்றேன், தூங்கினேன், அந்தக் கேள்வியோடே இறங்கினேன். சில்க் போர்டு சிக்னலில் டாக்ஸி முக்கால் மணி நேரம் நின்றது. முதன்முறையாக அது எனக்குக் குறைவாகப் பட்டது. பொம்மனஹள்ளியில் சரஸ்வதி அக்கா காத்திருந்தார்.

சொன்னேன். அவர் கத்தவில்லை. உள்ளங்கை இரண்டையும் திருப்பிப் பார்த்தார். “ஒம்பது வருஷம் சார். இந்தக் கையாலதான் வீட்ல வெளக்கும் ஏத்துவேன்” என்றார். “அங்க இருக்கறவங்களுக்கு மொதல்ல சொன்னீங்க. எனக்கு அன்னிக்கு போன்ல சொல்லல பாத்தீங்களா?”

நாகராஜ் சார் கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுத்தார். தொழிற்சாலை வாசலில் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடந்ததை எழுதி ஒட்டினோம். திட்டினவர்கள் உண்டு, பாக்கெட்டை முகத்துக்கு நேரே எறிந்தவர் ஒருவர் உண்டு. வாங்கிக்கொண்டோம்.

கழுவும் நாளில் சான்றிதழ்க் குழுவிலிருந்து ஒரு ஹஜ்ரத் வந்தார், மார்க்கம் படித்த வாணியம்பாடிக்காரர். சுத்தமான மண் வேண்டும் என்றார். யாரோ பூந்தொட்டியைத் தூக்கி வந்தார்கள். மோந்து பார்த்து, “இதுல எரு கலந்திருக்குப்பா, இது ஆகாது” என்று திருப்பி அனுப்பினார். பெங்களூரில் மண்ணுக்கா பஞ்சம்? தோண்டாத தெரு எது? எதிரே அபார்ட்மென்ட்டுக்கு இரண்டு ஆள் ஆழத்தில் குழி போட்டிருந்தார்கள். அதன் அடியிலிருந்து இரண்டு கூடை செம்மண் வந்தது.

மேசைகள், டிரேக்கள், அடுப்பின் வாய் என்று எல்லாம் ஏழு தண்ணீர் கண்டன. மறு மாதம் கக் ரொஹானா வந்தார். எங்கள் நைலான் பிரஷ்ஷிலிருந்து தானே ஓர் இழையைப் பிடுங்கி, அடுப்பில் காட்டி, அது உருகி மணியானதைப் பார்த்த பிறகுதான் டீ குடித்தார். இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கியது. ரேவதி இப்போது பாக்கெட் பிரிவில் இருக்கிறாள்.

ஆனால் என் பயணம் முடிந்தது அந்தக் கழுவல் நாளில்தான். எல்லாம் முடிந்து ஹஜ்ரத் சட்டைக் கையை இறக்கிவிடும்போது, சரஸ்வதி அக்கா மீதி மண் தண்ணீர் இருந்த வாளிக்கு முன்னால் வந்து இரு கைகளையும் நீட்டினார்.

“அம்மா, உங்களுக்கு இது கடமை இல்லயே” என்றார் ஹஜ்ரத், மென்மையாக.

“தெரியும் ஹஜ்ரத். எனக்குத் தோணுது.”

ஹஜ்ரத் மக்கை எடுத்தார்; அதை என்னிடம் நீட்டினார். பிரஷ்ஷை வாங்கி வந்தவன் யார் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஊற்றினேன். முதலில் செம்மண் தண்ணீர். அக்கா விரலிடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டார். பிறகு நல்ல தண்ணீர், ஒவ்வொரு மக்காக. நாகராஜ் சார் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார். தண்ணீர் பாதி என் காலில் விழுந்தது. கடைசித் தண்ணீர் அவர் விரல் நுனியிலிருந்து தெளிவாகச் சொட்டியது.

கையை நீட்டியபடியே என்னைப் பார்த்தார். “சரியா எண்ணுனீங்களா சார்?”

“எண்ணினேன்கா. ஏழு.”

அதற்குப் பிறகுதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.